யாரோ பாதியில் விட்ட அறுகோணக் குயில்ட்: எங்கிருந்து தொடங்குவது?

காஜாபட்டன்:
இங்கிலாந்தில் பழைய சாமான் கடையில் வாங்கிய குயில்ட் (துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை) ஒன்று. தைத்தது யார் என்று தெரியாது. காகிதத்தின் மேல் துணியை மடித்து டாக்கிங் (தற்காலிக நீளத் தையல்) போட்டு, அறுகோணங்களைக் கையால் இணைக்கும் வகை. முகப்பு மட்டும்தான் இருக்கிறது. வாடிங் (நடுவே வைக்கும் பஞ்சு அடுக்கு), அடித்துணி எதுவும் வைக்கவில்லை. அளவு 48 × 60 அங்குலம். நடுத்துண்டு 1, அதைச் சுற்றி 6, அடுத்து 12 என்று பூக்கள்; பூவுக்கும் பூவுக்கும் நடுவே ஒரு வரிசை வெள்ளை. ஓரத் துண்டுகளில் இன்னும் காகிதம் இருக்கிறது. தனியாக ஒரு டப்பாவில் 11 பூக்களும், டாக்கிங் போட்டு இணைக்காத 60 துண்டுகளும்.

சில குண்டூசிகள் துருப்பிடித்துத் துணியோடு ஒட்டியிருக்கின்றன. ஒரு பழுப்புப் பூத்துணி தொட்டாலே விரிசல் விடுகிறது. இரட்டைக் கட்டிலுக்கு 84 × 90 ஆக்க வேண்டும். கடையில் அறுகோணமாகவே வெட்டி விற்கும், பக்கம் 1 அங்குல அச்சுக் காகிதம் வாங்கலாமா? முதலில் துவைத்துவிடலாமா? மீதியை மெஷினில் தைக்கலாமா?

ஊசிக்காது:
அச்சுக் காகிதம் வாங்கும் முன் அவர் தைத்ததை அளந்து பாருங்கள். தட்டையான பக்கங்கள் ஒட்டி நிற்கும் திசையில் 10 துண்டுகளுக்கு டேப் வையுங்கள். பக்கம் சரியாக 1 அங்குலம் என்றால் 44 செ.மீ. வரும். 43 வந்தால் அவருடைய பக்கம் 24.8 மி.மீ.தான். அட்டை ஒன்றை வைத்துப் பென்சிலால் வரைந்து வெட்டியவர்களுக்கு இது சகஜம். அட்டையின் முனை தேயத் தேயக் காகிதமும் சிறுக்கும். பக்கத்துக்கு அரை மி.மீ. கூடினால் 20 துண்டு வரிசையில் 17 மி.மீ. தள்ளும். எவ்வளவு இஸ்திரி போட்டாலும் அந்த இடம் உப்பித்தான் நிற்கும். டப்பாவில் உள்ள தனித் துண்டுகள் ஐந்தாறில் காகிதத்தை உருவி, ஆறு பக்கத்தையும் அளந்து, சராசரிக்கு ஏற்ப நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள். 120 கிராம் (ஜிஎஸ்எம்) தாள் போதும். அதற்கு மேல் தடித்தால் மடிப்பு கூர்மையாக விழாது.

அடுத்து தையல் நெருக்கம். பின்பக்கம் திருப்பி ஒரு அங்குலத்தில் எத்தனை தையல் என்று எண்ணுங்கள். அவர் 18 போட்டிருக்க நீங்கள் 10 போட்டால், காகிதம் எடுத்ததும் உங்கள் பகுதி மட்டும் பல்லிளிக்கும். ஒவ்வொரு குத்திலும் மடிப்பின் இரண்டு இழையை மட்டும் பிடியுங்கள், காகிதத்தைக் குத்த வேண்டாம். பருத்தி நூலே போடுங்கள். இழுவை வந்தால் நூல் அறுவது நல்லது, பழைய துணி கிழிவது அல்ல.

84 × 90 விஷயத்தில் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். இந்த அமைப்பில் ஒரு பூவின் 19 துண்டோடு வெள்ளைப் பாதையில் அதன் பங்கு 8, ஆக 27. அது சுமார் 70 சதுர அங்குலம். உங்களுக்கு இன்னும் வேண்டியது 4,680 சதுர அங்குலம், அதாவது 67 பூ, 1,800 துண்டு. கையில் இருப்பதைக் கழித்தாலும் 1,500க்கு மேல் நீங்கள் வெட்டித் தைக்க வேண்டும். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இரண்டாவது ஆளும் கைவிடுவார். என் யோசனை: டப்பாவில் உள்ள 11 பூவை மட்டும் சேருங்கள், சுமார் 54 × 67 வரும். பிறகு இரு பக்கமும் 15 அங்குலம், மேலும் கீழும் 12 அங்குலம் வெற்றுத் துணிக் கரை. 84 × 91 ஆகிவிடும். மெஷின் அந்தக் கரைத் துணிகளை ஒன்றோடொன்று இணைக்க மட்டும்.

மல்துணி:
அளவெல்லாம் அப்புறம். துவைக்கவே துவைக்காதீர்கள். காகிதம் ஊறிக் கூழாகும், அச்சு மை வெள்ளையில் இறங்கும், பின்னால் கால் அங்குலம் மடித்து விட்ட துணி பிரிந்து இழை இழையாக வரும். மேலே கொசுவலையை விரித்து, வேக்குவத்தைக் குறைந்த இழுப்பில் வைத்துத் தூசி எடுங்கள். வாடை இருந்தால் நிழலில் காற்றாட விடுங்கள், வெயிலில் அல்ல.

இப்போதே செய்ய வேண்டியது சாயச் சோதனை. ஒவ்வொரு நிறத்திலும் ஈரமான வெள்ளைப் பருத்தித் துண்டை ஐந்து நிமிடம் அழுத்தி வையுங்கள். சிவப்பும் கருநீலமும் முதலில். நிறம் ஒட்டினால் அந்தக் குயில்ட் முடிந்த பிறகும் தண்ணீர் காணக் கூடாது.

துருப்பிடித்த ஊசியைத் தலைப்பக்கம் இழுத்தால் துரு பிடித்த கம்பி முழுவதும் துணி வழியே வரும். தலையைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி, எந்தப் பக்கம் துரு குறைவோ அந்தப் பக்கமாக மெல்லத் திருகி எடுங்கள். கறைக்குப் பிளீச்சிங் போடுவது பெரும் தவறு. துரு இன்னும் அழுத்தமாகப் படியும். எலுமிச்சையும் உப்பும் கறையை எடுக்கும், ஆனால் அமிலம் பழைய இழையைத் தளர்த்திவிடும். கறை பட்ட துண்டின் மேல் புதுத் துண்டு வைத்துத் தைப்பதே மேல்.

பழுப்புத் துணி இத்துப்போனது உங்கள் கைப்பட்டதால் அல்ல. பழைய பழுப்பு, கறுப்புச் சாயங்களில் இரும்பு உப்பு சேர்ப்பார்கள். அது காலப்போக்கில் பருத்தியை அரித்துவிடும். அதைப் பிரித்து எடுத்தால் பக்கத்துத் தையலும் சேர்ந்து போகும். அப்படியே விட்டு, அதே அளவில் இன்னொரு அறுகோணத்தை மடித்து மேலே வைத்து, கண்ணுக்குத் தெரியாத தையலில் சுற்றிலும் பிடியுங்கள். பழைய பூத்துணி தெரிய வேண்டும் என்றால் மெல்லிய வலைத்துணியால் மூடலாம்.

காஜாபட்டன்:
மிக்க நன்றி. கரை யோசனையே சரி. அறுகோண ஓரம் ரம்பப் பல்லாக நிற்கிறதே, அதைக் கரையோடு எப்படி இணைப்பது? காகிதத்தை எப்போது எடுக்க வேண்டும்? வெள்ளைத் துணிக்கு என்ன வாங்க?

ஊசிக்காது:
ஆறு பக்கமும் தைத்து முடிந்த துண்டில் மட்டும் காகிதம் எடுங்கள். ஓரத் துண்டுகளில் கரை சேரும் வரை இருக்கட்டும். இல்லாவிட்டால் விளிம்பு இழுபட்டு வடிவம் போய்விடும். ஓரத்தை நன்றாக இஸ்திரி போட்டு, பல் முழுவதும் கரைத் துணியின் மேல் வரும்படி விரித்து, பல்லைத் தொடர்ந்து கையால் ஒட்டித் தையுங்கள். முடிந்ததும் பின்னால் கரைத் துணியைத் தையலிலிருந்து கால் அங்குலம் விட்டு வெட்டினால் காகிதம் வெளியே வரும். பல்லை நேராக வெட்டிவிடச் சொல்பவர்களும் உண்டு. வெட்டுக்கு உள்ளே சுற்றித் தைத்தது எல்லாம் அறுந்து பிரியும், முதலில் ஒரு வரிசை மெஷின் தையல் போட்டு நிறுத்திய பிறகே வெட்டலாம். எனக்கு அது பிடிக்காது. அவர் தைத்த பாதித் துண்டுகள் குப்பைக்குப் போகும்.

வெள்ளைக்குப் பளீர் வெள்ளை வேண்டாம், பக்கத்தில் இருக்கும் பழையது மஞ்சளாகத் தெரியும். சலவை செய்யாத காடாவை ஒட்டிய நிறத்தில், ஆனால் மெல்லிய நெசவாகப் பாருங்கள். டியூப் லைட்டில் அல்ல, பகல் வெளிச்சத்தில் பழையதன் மேலேயே வைத்துத் தேர்ந்தெடுங்கள். வெந்நீரில் இரண்டு முறை அலசிய பின்பே வெட்டுங்கள். டீத்தூளில் தோய்த்துப் பழசாக்குவது வேண்டாம், திட்டுத்திட்டாக ஏறும், துணிக்கும் கேடு.

வாடிங் மெல்லிய பருத்தி. பாலியெஸ்டர் என்றால் பழைய நெசவு வழியே இழை வெளியே பிதுங்கும். உறையில் தையலுக்கும் தையலுக்கும் அதிகபட்ச இடைவெளி போட்டிருப்பார்கள், அதைத் தாண்டாதீர்கள். அடித்துணி எல்லாப் பக்கமும் 4 அங்குலம் கூடுதல். மூன்று அடுக்கையும் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தையுங்கள், 18 அங்குல நூலாக. ஒவ்வொரு துண்டுக்கும் உள்ளே கால் அங்குலத்தில் தைப்பது பழைய வழக்கம். பூவைச் சுற்றி மட்டும் தைத்தாலும் நிற்கும்.

பைண்டிங் (விளிம்பைச் சுற்றி மூடும் துணி) 2½ அங்குலப் பட்டை, இரட்டையாக மடித்து. சுற்றளவு 350 அங்குலம், மூலைகளுக்கும் இணைப்புக்கும் சேர்த்து 42 அங்குல அகலத் துணியில் 10 பட்டை. முக்கால் மீட்டர் வாங்குங்கள்.

மல்துணி:
எடுத்த காகிதங்களை எறியாதீர்கள். எந்தப் பகுதியில் எடுத்தது என்று எழுதி உறைகளில் போடுங்கள். 1718 என்று தேதி தைத்த பிரிட்டிஷ் பட்டுப் போர்வையில் காகிதம் இன்னும் உள்ளேயே இருக்கிறது.

காஜாபட்டன்:
நேற்று உருவியதில் ஒரு செய்தித்தாள் துண்டில் ஷில்லிங் விலை இருக்கிறது. அதை வைத்துக் காலம் சொல்ல முடியுமா?

மல்துணி:
ஓரளவுக்கு. இங்கிலாந்தில் ஷில்லிங், பழைய பென்ஸ் கணக்கு 1971 பிப்ரவரியில் மாறியது, ஆகவே அந்தத் தாள் அதற்கு முந்தியது. ஆனால் தாள் அச்சான நாளுக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் தைத்திருக்கலாம். எல்லாக் காகிதத்திலும் ஆகப் பிந்திய தேதி எதுவோ, அதற்கு முன் தையல் முடிந்திருக்க முடியாது, அவ்வளவுதான் உறுதி. துணியின் காலம் வேறு கணக்கு. அந்தப் பழுப்புத் துண்டு காகிதத்தை விடப் பல ஆண்டு மூத்ததாக இருக்கலாம்.