4 டிகிரி ட்ரிம் எங்கிருந்து வந்தது?

கீல்கோடு:
வேகப்படகுக்கு நீர் தரும் தடையின் கணக்கைக் கேட்ட ஒரு புதியவருக்கு இங்கே ஒருவர் சொன்ன பதில்: "ட்ரிம் 4 டிகிரி என்று வைத்து சாவிட்ஸ்கி சமன்பாட்டில் போடு, முடிந்தது." ட்ரிம் என்பது ஓடும் படகு மூக்கைத் தூக்கி நிற்கும் கோணம். என்ன முடிந்தது? பிளேனிங் படகுகளுக்கு, அதாவது நீரின்மேல் எழும்பிச் சறுக்கும் படகுகளுக்கு, 1964-இல் சாவிட்ஸ்கி கொடுத்த முறையில் எடை, கனமையம், அகலம், டெட்ரைஸ் (அடிப்பக்க V-யின் சரிவுக் கோணம்), வேகம் எல்லாம் உள்ளே போகும், ட்ரிம் விடையாக வெளியே வரும். விடையை நீங்களே எழுதிவிட்டு எதற்குக் கணக்கு?

கைக்கணக்கு:
அந்த ஒருவர் நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். முதல் வரைபடத்தில் எஞ்சினே முடிவாகவில்லை, கனமையத்துக்கு எங்கே போவது? தடை குறைவாக இருப்பது 4, 5 டிகிரி பக்கம். அதனால் 4.

கீல்கோடு:
தடை அங்கே குறைவு என்பதற்காகப் படகு அங்கே போய் நிற்குமா? 2 டன் படகையே எடுங்கள். அழுத்தத் தடை மட்டும், அதாவது எடை பெருக்கல் டேன் ட்ரிம், 4 டிகிரியில் 140 கிலோ, 6 டிகிரியில் 210. எஞ்சினைப் பின்னால் தள்ளி மாட்டினால் கனமையமும் பின்னால் போய் ட்ரிம் ஏறும்; உங்கள் 4 பேச்சைக் கேட்குமா?

அரையலை:
ட்ரிம் கூடினால் நனையும் பரப்பு குறையும், உராய்வும் குறையும். அதை ஏன் சார் சொல்லவில்லை?

கீல்கோடு:
"அழுத்தத் தடை மட்டும்" என்றுதான் எழுதினேன். படித்துவிட்டு வரவும்.

கைக்கணக்கு:
படகின் வேகத்தை மதிப்பிடும் க்ரௌச் சூத்திரத்தில் ட்ரிம்மே கிடையாது. எடை, குதிரைத்திறன், ஒரு மாறிலி, அவ்வளவுதான். அதை நம்பிக் கட்டிய படகெல்லாம் மூழ்கிவிட்டதா?

கீல்கோடு:
அந்த மாறிலி ஏற்கெனவே ஓடிய படகுகளிலிருந்து எடுத்தது. அவை என்ன ட்ரிம்மில் ஓடினவோ அதெல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். உங்கள் 4 எதிலிருந்து எடுத்தது?

அரையலை:
முதலில் எந்த ட்ரிம்? கீல், அதாவது படகின் அடிமுதுகு, நீர்மட்டத்தோடு செய்யும் கோணமா, நின்ற நிலையிலிருந்து மாறியதா?

கைக்கணக்கு:
அது கிடக்கட்டும். போன தடவை ஹம்ப்புக்குக் கீழே (ஹம்ப் என்பது எழும்புவதற்கு முன் தடை மேடாக ஏறும் இடம்), பிளேனிங்கே தொடங்காத வேகத்துக்கு, இதே 1964 முறையைப் போட்டு எண் காட்டிய மேதை யார்? அந்த வேகத்துக்கென்றே மெர்சியரும் சாவிட்ஸ்கியும் 1973-இல் தனியாக ஒன்று கொடுத்தது ஐயாவுக்கு மறந்துவிட்டதா?

கீல்கோடு:
பழைய கதையை இழுக்காதீர்கள். 4 எங்கிருந்து?

கைக்கணக்கு:
அனுபவத்திலிருந்து.

கீல்கோடு:
அனுபவத்துக்கு எல்சிஜி, அதாவது கனமையம் நீளவாக்கில் இருக்கும் இடம், எவ்வளவு?

அரையலை:
நான் வழக்கமாக 5 வைப்பேன்.

கீல்கோடு:
வந்துவிட்டார் இன்னொருவர்.