நாகர்கோவிலில் கலைக் குவில்ட் கண்காட்சி: தைத்தவர் பெயரை எழுதுவதும், தொங்கவிடுவதும், விலை வைப்பதும் எப்படி?

ஊசிநூல், தக்கலை:

அனைவருக்கும் வணக்கம். தக்கலை, இரணியல், குளச்சல், மார்த்தாண்டம் பகுதிகளைச் சேர்ந்த பெண்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடித் துணிக்கலை செய்து வருகிறோம். தையல்கடை நடத்துபவர்கள், வியாபாரிகளுக்கு லேஸ் பின்னிக் கொடுப்பவர்கள், ஒரு செவிலியர் எனப் பலரும் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்துத் தைத்து, சுவரில் மாட்டிப் பார்ப்பதற்கென்றே குவில்ட்டுகள் செய்கிறோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி இறுதியில், நாகர்கோவிலில் ஒரு மண்டபத்தில் முதன்முறையாக அவற்றைக் கண்காட்சியாக வைக்க எண்ணியிருக்கிறோம்.

எப்படிப்பட்ட படைப்புகள் என்று தெரிந்தால் ஆலோசனை சொல்ல வசதியாக இருக்கும் என்பதால், ஒன்றை மட்டும் விவரிக்கிறேன். குளச்சலைச் சேர்ந்த ஓர் அக்கா, தம் கணவரின் பழைய லுங்கிகளை வெட்டிக் கடலைச் செய்திருக்கிறார். மேற்பகுதியில் வெளுத்த நீலக் கட்டங்கள். கீழே வர வர நிறம் அடர்கிறது. கரை தொடங்கும் இடத்தில் ஓட்டுத் தையலின் வரிசைகள் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே போவதால், துணி சுருங்கி விரற்கடை உயரத்துக்கு மேடாக எழுந்து நிற்கிறது. அந்த மேட்டின்மேல் அறுந்த நைலான் வலைத் துண்டு ஒன்றைக் கறுப்பு நூலால் பொருத்தியிருக்கிறார். 2004 டிசம்பர் 26 என்று அதில் எங்கும் எழுதவில்லை. எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு எழுதிக் காட்ட வேண்டியதும் இல்லை.

எங்களுக்குள் தீராமல் இருப்பது பெயர் பற்றிய விவாதம். ஒவ்வொரு படைப்பின் கீழும் குழுவின் பெயர் மட்டும் இருந்தால் போதும் என்றும், தனிப்பெயர் போட்டால் தற்பெருமையாகத் தெரியும் என்றும் பாதிப்பேர் சொல்கிறார்கள். லேஸ் பின்னும் அக்காமார்தாம் இதில் உறுதியாக நிற்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அவர்களை இணங்கவைக்கும்படி எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இதனுடன், துணி கெடாமல் தொங்கவிடும் முறையையும், விலை வைக்கும் முறையையும் தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

கோட்டாறு டீச்சர்:

தக்கலைச் சகோதரிக்கு வணக்கம். லேஸ் பின்னுபவர்களே பெயர் வேண்டாம் என்று சொல்வதில் எனக்கு வியப்பில்லை. இந்த மாவட்டத்தில் ஊசி பிடித்த பெண்ணுக்குக் கூலி கிடைத்திருக்கிறது, பெயர் கிடைத்ததில்லை. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அப்போது அடிமைமுறை சட்டப்படியே இருந்தது. 1855இல்தான் அது ஒழிந்தது. லேஸ் பின்னிச் சம்பாதித்த பணத்தால் சில பெண்கள் தங்கள் விடுதலையையே விலைகொடுத்து வாங்கியதாக மிஷன் பதிவுகள் சொல்கின்றன. அந்த லேஸ் கடல் கடந்து விற்பனையானது. கற்றுக்கொடுத்த அம்மையாரின் பெயரை இன்று எல்லாரும் அறிவோம்; பின்னிய பிள்ளைகளில் ஒருத்தியின் பெயரையாவது நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? தோளில் ஒரு சீலை போட்டுக்கொள்ளும் உரிமைக்காகவே 1859 வரை போராட வேண்டியிருந்த மண் இது. இங்கே ஒரு பெண் தான் தைத்த துணிக்குக் கீழே தன் பெயரை எழுதுவதைத் தற்பெருமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குவில்ட்டின் வரலாற்றிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் என்ற பெண்மணி, பைபிள் காட்சிகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்த ஒரு குவில்ட்டை 1886இல் ஏதென்ஸ் நகரத்துப் பருத்திக் கண்காட்சியில் வைத்தார். பிற்பாடு வறுமையால் அதை ஐந்து டாலருக்கு விற்க நேர்ந்தது. வாங்கிய ஓவிய ஆசிரியை, ஒவ்வொரு கட்டத்துக்கும் பவர்ஸ் சொன்ன விளக்கத்தைக் கேட்டு எழுதிவைத்தார். அது இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த விளக்கம் மட்டும் எழுதப்படாமல் போயிருந்தால், இன்று அதன் கீழே "தைத்தவர் தெரியவில்லை" என்றுதான் இருந்திருக்கும்.

இன்னொன்றையும் உங்கள் கூட்டத்தில் சொல்லுங்கள். நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 1971இல் பழைய குவில்ட்டுகளை ஓவியங்களைப் போல் வெள்ளைச் சுவரில் மாட்டிக் காட்டியது. குவில்ட்டைக் கலை என்று பலரும் ஒப்புக்கொள்ள அது வழி திறந்தது உண்மைதான். ஆனால் வடிவத்தைப் புகழ்ந்த அந்தக் கண்காட்சி, தைத்த பெண்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது என்ற விமர்சனமும் பின்னர் எழுந்தது. அதே விட்னியில் 2002இல், அலபாமாவின் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர்ப் பெண்களின் குவில்ட்டுகள் வந்தபோது ஒவ்வொன்றின் பக்கத்திலும் தைத்தவரின் பெயர் இருந்தது. அவற்றில் பல, வயல் வேலைக்கு உடுத்திக் கிழிந்த உடைகளிலிருந்து வெட்டிய துண்டுகளால் ஆனவை. குளச்சல் அக்காவின் லுங்கிகளைப் பற்றிப் படித்ததும் எனக்கு அவைதாம் நினைவுக்கு வந்தன.

தறிவீட்டுப் பெண், இரணியல்:

டீச்சர் சொன்னதற்குமேல் பெயரைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை; துணியைப் பற்றிச் சொல்கிறேன்.

குவில்ட்டை ஆணியிலோ கிளிப்பிலோ தொங்கவிடவே கூடாது. பிடித்த இடத்தில் மட்டும் பாரம் இழுத்துத் துணி தொய்ந்துவிடும். நம் கடற்காற்றில் இரும்பு எதுவானாலும் விரைவில் துருக்கறையை இறக்கிவிடும். பின்புறத்தின் மேல்விளிம்பில், பாவாடைக்கு நாடா கோர்க்க மடித்துத் தைப்பதைப் போல, நான்கு அங்குல அகலத்தில் ஒரு துணிக்குழாயைக் கையால் தைத்துவிடுங்கள். தையல் அடித்துணியையும் பஞ்சையும் பிடிக்க வேண்டும்; முன்பக்கம் தெரியக்கூடாது. அதற்குள் நீண்ட, தட்டையான ஒரு பட்டையைக் கோர்த்து, வெளியே நீளும் அதன் இரு முனைகளையும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் பாரம் மேல்விளிம்பு முழுவதிலும் சீராகப் பரவும். மேடாக எழுந்து நிற்கும் அந்தக் கடற்குவில்ட்டுக்குக் கீழ்விளிம்பிலும் ஒரு மெல்லிய பட்டை கொடுத்தால் ஓரங்கள் சுருளாமல் இருக்கும்.

வெளிச்சத்தில் மிகவும் கவனம் தேவை. அருங்காட்சியகங்கள் துணிகளுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சத்தையே வரம்பாக வைத்திருக்கின்றன. ஒரு சாதாரண அலுவலக அறையில் அதைப்போல் ஆறேழு மடங்கு வெளிச்சம் இருக்கும். சில நாள் கண்காட்சிக்கு அந்த அளவு கட்டுப்பாடு முடியாவிட்டாலும், ஜன்னல் வெயில் விழும் சுவரை விட்டுவிடுங்கள். ஜன்னல்களுக்குத் திரை போடுங்கள். வெயிலில் போன சாயம் திரும்பி வராது.

இப்போதிருந்து ஜனவரி வரை எப்படி வைத்திருப்பது என்பதும் முக்கியம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால், பீரோவில் மடித்து வைத்த துணியில் பூஞ்சைப் புள்ளி விழ அதிக நாள் ஆகாது. மடிக்காமல், வெள்ளைப் பருத்தித் துணி சுற்றிய ஒரு குழாயில், மேல்துணி வெளிப்பக்கம் இருக்குமாறு சுருட்டி, மேலே பழைய வேட்டியால் மூடி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். ஈரம் உள்ளேயே நின்றுவிடும். அந்துருண்டை துணியில் நேராகப் படக்கூடாது.

பார்க்க வருபவர்கள் கட்டாயம் தொட்டுப் பார்ப்பார்கள். தடுத்துக்கொண்டே இருப்பதைவிட, அதே துணியிலும் அதே தையலிலும் ஒரு சிறு மாதிரியைச் செய்து வாசலருகே மேசைமேல் வைத்துவிடுங்கள். மூன்று அடுக்கும் தெரியும்படி அதன் ஒரு மூலையைத் தைக்காமல் திறந்து விட்டால், இது என்ன வேலை என்பது பார்த்தவுடன் புரிந்துவிடும்.

குழித்துறை வாசகர்:

டீச்சர் சொன்னதில் ஒரு திருத்தம் சொல்ல விரும்புகிறேன். ஒரு படைப்புக்கு ஒரே பெயர் என்று வைத்தால் இன்னொரு அநியாயம் நேரலாம். ஒருவர் வடிவத்தை அமைத்துத் துண்டுகளை இணைத்திருப்பார். மூன்று அடுக்கையும் சேர்த்து நாள்கணக்கில் தையல் ஓட்டியவர் வேறொருவராக இருப்பார். அமெரிக்கக் குவில்ட்டுகளிலும் இப்படி நடப்பதுண்டு. "வடிவமைப்பு" என்று ஒருவரையும் "தையல்" என்று மற்றவரையும் குறிப்பிட்டால் தற்பெருமை என்ற பேச்சுக்கே இடமிருக்காது என்று நினைக்கிறேன். லேஸ் பின்னும் பெண்கள் அஞ்சுவது பெயரைப் பார்த்தல்ல, ஒருவருக்கே எல்லாப் புகழும் போய்விடுமோ என்றுதான் என எனக்குத் தோன்றுகிறது.

வருபவர்களுக்கு விளக்கும்போது வங்காளத்துக் காந்தா, வடகர்நாடகத்தில் வாழும் சித்தி என்ற சமூகத்துப் பெண்களின் கவந்தி என்று மற்ற ஊர்த் துணித் தையல்களைத் தேடித் தொலைவில் போக வேண்டியதில்லை. தேரில் தொங்கும் தொம்பைகள் என்ற துணிக்குழல்களையும், துணியை வெட்டி ஒட்டித் தைக்கும் தேர்ச்சீலை வேலையையும் பார்க்காத தமிழர் இல்லை. சுசீந்திரம் தேரோட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, துணி ஒட்டு வேலையால் ஓர் உருவத்தைச் சொல்ல முடியும் என்பதை நிரூபிக்க வேண்டாம்.

விலையைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று போடாதீர்கள். செய்த மணிநேரத்தை எழுதி, ஒரு தேர்ந்த தையற்காரருக்குக் கொடுக்கும் கூலியால் பெருக்கி, பொருட்செலவைக் கூட்டுங்கள். அதற்குக் கீழே ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். வரும் தொகை பெரிதாகத் தெரியும். லேஸ் வியாபாரி கொடுக்கும் விலையோடு அதை ஒப்பிட்டுத் தயங்க வேண்டாம். விற்க மனமில்லாதவற்றில் "விற்பனைக்கு அல்ல" என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

ஊசிநூல், தக்கலை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டீச்சர் எழுதியதையும் குழித்துறை ஐயா எழுதியதையும் நேற்றைய கூட்டத்தில் வாசித்தேன். மூத்த லேஸ்கார அக்கா, "ரெண்டு பேரும் போடுவியளா? அப்போ சரி" என்று சொல்லிவிட்டார். வடிவமைத்தவர், தைத்தவர், ஊர், ஆண்டு, துணி வகை, அளவு, விலை என்ற வரிசையில் அட்டை எழுதுவதாக முடிவாகிவிட்டது. குளச்சல் அக்காவின் படைப்பு விற்பனைக்கு அல்ல. ஹாரியட் பவர்ஸுக்கு நேர்ந்ததை மனத்தில் வைத்து, ஒவ்வொருவரிடமும் படைப்பின் விளக்கத்தைக் கேட்டுப் பதிவு செய்யும் வேலையைச் செவிலியர் அக்கா ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

இரணியல் அக்காவிடம் ஒரு கேள்வி மீதமிருக்கிறது. குழாய்க்குள் கோர்க்கத் தேக்குப் பட்டை கிடைக்கிறது. அலுமினியப் பட்டை விலை சற்றுக் கூடுதல். எதை வாங்கலாம்?

தறிவீட்டுப் பெண், இரணியல்:

அலுமினியமே வாங்குங்கள். மரத்திலிருந்து கசியும் அமிலமும் எண்ணெயும் நாளடைவில் துணியில் பழுப்புக்கறையாக இறங்கும். தேக்கில் எண்ணெய் அதிகம். ஏற்கெனவே மரம் வாங்கியிருந்தால் வார்னிஷ் அடித்து, நன்றாகக் காயவிட்டு, துவைத்த வெள்ளைத் துணியைச் சுற்றிய பிறகு கோர்த்துவிடுங்கள். அலுமினியப் பட்டையின் முனைகளை அரம் வைத்துத் தேய்த்துவிட மறக்காதீர்கள். பழைய லுங்கித் துணி லேசாக மாட்டினாலே கிழிந்துவிடும்.