சென்டினல் நோடு: காவற்கணுவா, முதற்கணுவா?

> இளம்பெண்களின் மார்பகப் புற்றுநோய் பற்றிய கையேட்டைத் தமிழில் எழுதும்போது சென்டினல் லிம்ஃப் நோடு (ஒரு வகை நிணநீர்க்கணு) வருகிறது. ‘காவற்கணு’ என்று போட்டுவிடலாமா? சென்டினல் என்றால் காவலாள்தானே.

வணக்கம்.

‘காவல்’ வேண்டாம். அந்தக் கணு எதையும் காப்பதில்லை. கட்டியிலிருந்து வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் இடம், அவ்வளவுதான். மெத்திலீன் நீலத்தைக் காம்பைச் சுற்றிய கருவளையத்தருகே ஊசியில் ஏற்றிவிட்டு அக்குளைத் திறந்தால், நீல நூல் மாதிரி ஒரு நிணநீர்க்குழாய் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் நீலமேறிய கணு. சில நேரம் இரண்டு மூன்றும் இருக்கும். அதை எடுத்துச் சோதித்துப் புற்றணு இல்லையென்றால் மற்ற கணுக்களைத் தொடுவதில்லை. (சிறுநீர் ஒருநாள் பச்சையாகப் போகும். கையேட்டில் சொல்லிவையுங்கள், பயந்துவிடுவார்கள்.)

‘காவற்கணு நீக்கம்’ என்று படிக்கிறவர், “காவலையே எடுத்துட்டா அப்புறம் கை என்ன ஆகும்?” என்றுதான் கேட்பார். உண்மையில், அக்குள் கணுக்களை முழுக்க வழித்தெடுக்கும்போதுதான் கை வீங்கும் வாய்ப்பு அதிகம். 35 வயதில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டிருப்பவர் அந்தக் கையோடு இன்னும் பல பத்தாண்டுகள் வாழ வேண்டும். 2010இல் வெளிவந்த பி-32 ஆய்வில், அக்குளில் கணு தட்டுப்படாத 5,611 பெண்கள் சேர்ந்தார்கள். இந்தக் கணுவில் நோய் இல்லாதவர்களுக்கு மற்றவற்றையும் எடுத்ததால் ஆயுள் கூடவில்லை.

என் வாக்கு ‘முதற்கணு’வுக்கு.

> என் வாக்கு ‘முதற்கணு’வுக்கு.

காவல் கூடாது, சரி. ஆனால் ‘மூன்று முதற்கணுக்கள்’ என்று எழுதிப் பாருங்கள், இடிக்கிறது. அதே கையேட்டில் ‘முதன்மைக் கட்டி’யும் வருகிறது, முதற்கணு என்றால் நோய் அங்கேதான் தொடங்கியது என்று நினைத்துக்கொள்வார்கள்.

‘வாயிற்கணு’ என்று யோசித்தேன். பிரித்து எழுதினால் வாய்க்குள் இருக்கும் கணு ஆகிவிடுகிறது! ‘நெறி’ என்பது வீட்டில் புழங்கும் சொல்தான், ஆனால் நெறி கட்டுவது என்றால் வீங்குவது. இங்கே பெரும்பாலும் வீக்கமே இருக்காது.

‘முகப்புக்கணு’ எப்படி? நிணநீர் வரும் வழியில் முன்னால் நிற்பது என்ற பொருள் வருகிறது, எத்தனை இருந்தாலும் பன்மை உறுத்தாது. அறுவைக்கு முன்பே கீமோ எடுப்பவர்களுக்கும் பொருந்தும். இளம்பெண்களில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. நோய் ஏறியிருந்த கணுவில் சிறு உலோகக் கிளிப் வைத்துவிட்டுத்தான் மருந்தைத் தொடங்குவார்கள். அது ‘கிளிப் வைத்த கணு’ என்றே இருக்கட்டும். முகப்புக்கணுவும் அதுவும் எப்போதும் ஒன்றாக இருக்காது, பெயரும் தனியாக இருப்பதுதான் நல்லது.

முதல் இடத்தில் மட்டும் ‘மருத்துவர் சென்டினல் நோடு என்று சொல்வது இதைத்தான்’ என ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ரிப்போர்ட்டில் அந்தப் பெயர்தான் அச்சாகியிருக்கும்.

அக்குள் கணுக்களை முழுக்க எடுக்கும் ஆக்ஸிலரி கிளியரன்ஸுக்கு ‘அக்குள் கணு நீக்கம்’ போதும் என்று நினைக்கிறேன். வேறு யோசனை இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.