அந்த 27-வது கட்டத்தில் என்ன எழுதினீர்கள்?

மிச்சிகன்வாசி
2010 ஜூன் 2, டெட்ராய்ட், கோமெரிக்கா பார்க். கலாரகா ஆட்டம் என்றாலே பேஸ்பால் பார்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். டெட்ராய்ட் பிட்சர் (பந்தை எறிபவர்) கலாரகா, எதிரணியில் ஒருவரைக்கூட பேஸுக்கு (அடித்தவர் ஓடிப்போய்த் தொட வேண்டிய இடம்) விடாமல் வரிசையாக 27 அவுட் எடுக்கும் 'பெர்ஃபெக்ட் கேம்' சாதனையைக் கடைசி அவுட்டில் இழந்த ஆட்டம் அது. நேராக விஷயத்துக்கு வருகிறேன். மைதானத்துக்குப் போனால் ஸ்கோர் அட்டையைக் கையால் எழுதுவது என் பழக்கம். ஒருவர் அடிக்க வந்தால் ஒரு கட்டம். அன்று எதிரணி கிளீவ்லேண்ட் பக்கம் முதல் 26 கட்டமும் அவுட். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் டெட்ராய்ட் ஃபீல்டர் ஆஸ்டின் ஜாக்சன் முதுகைக் காட்டி ஓடிப் பிடித்த கேட்சுக்கு அப்புறம் என் கை நடுங்க ஆரம்பித்தது. 27-வது ஆள் ஜேசன் டொனால்ட். பந்து முதல் பேஸ் பக்கம் போனது, முதல் பேஸ்காரர் கப்ரேரா எடுத்து எறிந்தார், கலாரகா ஓடிவந்து பிடித்து பேஸை மிதித்தார். கட்டத்தில் 3-1 என்று, அதாவது முதல் பேஸ்காரர் எறிந்து பிட்சர் முடித்த அவுட் என்று எழுதிவிட்டேன். தலை நிமிர்ந்தால் நடுவர் அவுட் இல்லை என்று இரண்டு கையையும் விரித்து நிற்கிறார். பக்கத்தில் என் மகள், "அப்பா, அழிச்சிடு" என்றாள். அழித்து ஹிட் (அடித்துவிட்டு பேஸுக்குப் போய்ச் சேர்ந்தது) போட்டேன். அடுத்தவர் அவுட். டெட்ராய்ட் 3-0 என்று ஜெயித்தது, கலாரகா எறிந்தது மொத்தம் 88 பந்து. அந்த 3-1 இன்னும் தாளில் மங்கலாகத் தெரிகிறது. அழித்திருக்கவே கூடாது.

கொலம்பஸ்
ஆமாம், கூடாதுதான். நான் டிவியில் பார்த்தேன், அதுவும் கிளீவ்லேண்ட் ரசிகையாக. மறக்காதது கலாரகாவின் சிரிப்பு. கத்தவில்லை, சண்டைக்குப் போகவில்லை. சிரித்துவிட்டுத் திரும்பிப் போய் அடுத்த பந்தை எறிந்தார். ரீப்ளே பார்த்ததும் நடுவர் ஜிம் ஜாய்ஸே தன் தப்பு என்று ஒத்துக்கொண்டார். மறுநாள் கலாரகா ஆட்டக்காரர் பட்டியலைக் கொண்டுபோய் ஜாய்ஸ் கையில் கொடுத்தபோது ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கு மேல் என்ன வேண்டும்? பதிவை மாற்றியிருக்க வேண்டும்.

கால்ட்ரெயின்
கொலம்பஸ், ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த ஹிட்டை அவுட் என்று மாற்றினால் ஆட்டம் 27-லேயே முடிந்துவிடும், அடுத்தவர் அவுட் ஆன 28-வது அவுட்டை எங்கே வைப்பீர்கள்? ஆட்டத்தின் நடுவில் அப்போதே ரீப்ளே பார்த்துத் தீர்ப்பை மாற்றுவதுதான் வழி, இந்த மாதிரித் தீர்ப்புகளுக்கு அது 2014-ல்தான் வந்தது.

என் கதை 2012 ஜூன் 13, சான் ஃபிரான்சிஸ்கோ, ஜயண்ட்ஸ் அணியின் பிட்சர் மேட் கெயின். ஜயண்ட்ஸ் ரன்னைக் குவித்துவிட்டது, மறுநாள் வேலை, ஆறாவது இன்னிங்ஸிலேயே கிளம்பிவிட்டேன். பலகையில் ரன்னை மட்டும்தான் பார்த்தேன். எதிரணி ஹூஸ்டன் வரிசையில் ஹிட்டுக்குக் கீழே 0 இருந்தது கண்ணில் படவே இல்லை. ஸ்டேஷனுக்கு நடக்கும்போது பின்னால் ஒரு பெரிய இரைச்சல். ஏழாவதில் ஜயண்ட்ஸ் ஃபீல்டர் கிரெகர் பிளாங்கோ பாய்ந்து பிடித்த கேட்ச் அது என்று ரயிலில் போனைப் பார்த்துத்தான் தெரிந்தது. 10-0, 14 ஸ்டிரைக் அவுட், 125 பந்து, எதிரணியில் ஒருவர்கூட பேஸுக்கு வரவில்லை, பெர்ஃபெக்ட் கேம். அந்த இரைச்சல் இன்னும் காதில் இருக்கிறது.

பென்சில்
என்னிடமும் ஒரு பழைய அட்டை இருந்தது, வீடு மாறும்போது தொலைந்தது. அதனால் சொல்கிறேன், மிச்சிகன்வாசி, அந்தத் தாளை இன்றே படம் எடுத்து வையுங்கள். மடிக்காதீர்கள். பென்சில் எழுத்து உரசினால் போய்விடும். புதிதாக எழுதுகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 3-1 என்பது சட்டை எண் இல்லை, நிற்கும் இடம். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3. ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்பவர்) 6, மூன்றாவது பேஸ் 5, இங்கேதான் நிறையப் பேர் மாற்றி எழுதிவிடுவார்கள். இன்னொன்று, நடுவரின் தப்புக்கு அட்டையில் எரர் (பிழை) போட முடியாது. எரர் ஃபீல்டருக்கு மட்டும்தான், அதனால்தான் அன்று ஹிட் விழுந்தது. நடுவர் கை அசையும்வரை பென்சிலைத் தாளில் வைக்காதீர்கள்.

மிச்சிகன்வாசி
படம் எடுத்துவிட்டேன். தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் 3-1 நன்றாகவே தெரிகிறது. மகளுக்கும் அனுப்பினேன்.