விண்டோஸ் 7 கணினியை இன்னும் அன்றாட வேலைக்கு வைத்திருக்கலாமா?

ஓய்வுபெற்ற கிராணி, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்ற நான், இப்போது எங்கள் ஆலயத்தின் கணக்குவழக்கைப் பார்த்து வருகிறேன். 2011-இல் வாங்கிய மேசைக் கணினியில், அன்று கடைக்காரர் ஏற்றிக் கொடுத்த 32 பிட் விண்டோஸ் 7 தான் இன்றும் ஓடுகிறது. அர்ச்சனைச் சீட்டும் நன்கொடை ரசீதும் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் பாக்ஸ்புரோ என்னும் தரவுத்தள மொழியில் எழுதப்பட்ட பழைய நிரல் ஒன்றின் வழியாக, எப்சன் எல்எக்ஸ் 300 அச்சு இயந்திரத்தில் வெளிவருகின்றன. இரு ஓரமும் துளையிட்ட தாளைக் கிழித்து, கார்பன் படியை நாங்கள் வைத்துக்கொண்டு மூலத்தைக் கையில் கொடுத்தால்தான் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குப் பணம் கட்டிய நிறைவு வருகிறது. உறுப்பினர் பதிவேடும் திருவிழா அழைப்பிதழ்களும் முரசு அஞ்சல் என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் இணைமதி எழுத்துருவில் வேர்டில் தட்டச்சு செய்தவை.

கோலாலம்பூரில் வேலை செய்யும் மகன், ஒவ்வொரு முறை வரும்போதும் இதைத் தூக்கிப் போடச் சொல்கிறான். குரோம் உலாவி, இனிப் புதுப்பிப்பு வேண்டுமானால் விண்டோஸ் 10 தேவை என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வங்கியின் பக்கம் சில மாதங்களாகத் திறப்பதில்லை. போதாக்குறைக்கு, இடி மின்னலுக்குப் பயந்து செருகியைப் பிடுங்கி வைத்த மறுநாள் காலையில், எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்று வருகிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. என் மகனின் மடிக்கணினியைவிட இது விரைவாகவே விழித்துக்கொள்கிறது. ஓர் ஏழை ஆலயத்தின் கணினியைத் தேடி வந்து எவன் தாக்கப் போகிறான் என்றுதான் நானும் இருக்கிறேன். தொடர்ந்து பயன்படுத்தினால் உண்மையில் என்ன கெட்டுவிடும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கணினி பழுதுபார்ப்பவர், ஈப்போ

ஐயா, மறுநாள் காலையில் வரும் அந்த எச்சரிக்கைக்கும் விண்டோஸ் 7-க்கும் தொடர்பு இருக்காது என்று நினைக்கிறேன். அடுத்த முறை அது வரும்போது திரையின் வலது மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால், தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர் 2032 என்னும் வட்ட மின்கலம் தீர்ந்துவிட்டது என்று பொருள். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி பழைய ஆண்டில் நின்றுகொண்டு பார்த்தால், அந்தச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்காதவையாகவே தெரியும். மின்கலம் எந்தக் கைக்கடிகாரக் கடையிலும் சில வெள்ளிக்குக் கிடைக்கும். இதை வைரஸ் என்று சொல்லிக் காசு பறித்த கடையையும் நான் பார்த்திருக்கிறேன்.

வங்கிப் பக்கம் திறக்காதது வேறு கதை. அது உலாவி பழையதாகிவிட்டதன் விளைவாக இருக்கலாம். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் நாளோடு ஆதரவை நிறுத்தியது. நிறுவனங்கள் பணம் கட்டிப் பெற்ற நீட்டிப்பும் 2023 ஜனவரியில் முடிந்தது. குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அது உங்களிடம் எத்தனை முறை கெஞ்சினாலும் அதற்குமேல் ஏறாது.

குரோம் கேட்கிறது என்பதற்காக அந்தக் கணினியில் விண்டோஸ் 10-ஐ ஏற்றிவிடாதீர்கள். அதற்கும் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் 2017-க்குப் பின் வந்த செயலியையும் கேட்கிறது. 2011-ஆம் ஆண்டுக் கணினி அந்த வாசலிலேயே நிற்கும். அப்படியே புதுக் கணினி வாங்கினாலும் உங்கள் ரசீது நிரல் அதில் நேரடியாக ஓடாது. டாஸ் காலத்து 16 பிட் நிரல்களை 32 பிட் விண்டோஸ் மட்டுமே ஏற்றுக்கொள்ளும். விண்டோஸ் 11-இல் 32 பிட் வகையே கிடையாது.

செம்பனைக்காரன், தைப்பிங்

தேவையில்லாமல் பயமுறுத்துகிறோமோ என்று தோன்றுகிறது. நான் விண்டோஸ் 7-க்கும் முந்தைய எக்ஸ்பி கணினியை 2018 வரை வைத்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. 2017-இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னகிரை என்னும் புழுவைக் கண்டு உலகமே அலறியபோதும் அடிபட்டவை பெரும்பாலும் மருத்துவமனைகளின் எக்ஸ்பி கணினிகள்தான் என்று படித்த நினைவு. அதுவும் யாரோ மின்னஞ்சலைக் கவனமில்லாமல் திறந்ததால் வந்த வினை. கிராணி ஐயா ஃபயர்பாக்ஸின் 115-ஆம் நீள்ஆதரவுப் பதிப்பை ஏற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் 7-க்கென்றே மொசில்லா அதன் ஆயுளைப் பலமுறை நீட்டித்தது. நல்ல வைரஸ் தடுப்பு நிரல் ஒன்றும் இருந்தால் போதும். ஓடுகிற வண்டியை எதற்குக் கழற்ற வேண்டும்?

கணினி ஆசிரியை, கோலகங்சார்

செம்பனைக்கார அண்ணன் ஃபயர்பாக்ஸ் பற்றிச் சொன்னது சரி. வான்னகிரை பற்றிச் சொன்னதை மட்டும் திருத்த வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கிராணி ஐயாவின் கேள்விக்கு விடையே அதில்தான் இருக்கிறது. 2017 மே 12-ஆம் நாள் பரவத் தொடங்கிய அந்தப் புழு மிகப் பெரும்பாலும் பிடித்தது விண்டோஸ் 7 கணினிகளைத்தான். யாரும் மின்னஞ்சலைத் திறக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கோப்புப் பகிர்வுக்கான வழியில் இருந்த ஓட்டையைக் கண்டு அதுவாகவே ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குப் போனது. கணினி யாருடையது, உரியவர் ஏழையா பணக்காரரா என்று அது பார்க்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதாவது திருத்தம் கிடைத்தும் போட்டுக்கொள்ளாதவர்கள்தாம் அன்று சிக்கினார்கள். விண்டோஸ் 7-க்கு இன்று அந்தத் திருத்தமே வருவதில்லை. அது மட்டுமல்லாமல், புதிய விண்டோஸுக்கு மாதந்தோறும் வரும் திருத்தங்களைப் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு, அதே ஓட்டை பழையதில் எங்கே திறந்து கிடக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. உலாவி புதிதாக இருந்தாலும் அது நிற்கும் தரை பழையதுதான்.

ஆகவே என் கருத்து இது: கணினியைத் தூக்கிப் போட வேண்டாம், அதன் இணைய வடத்தை மட்டும் கழற்றிவிடுங்கள். ரசீதும் பதிவேடும் அதில் தொடரட்டும். வங்கி வேலைக்கும் மின்னஞ்சலுக்கும் வேறு கருவி வைத்துக்கொள்ளுங்கள். மகனிடம் ஒதுங்கிக் கிடக்கும் பழைய மடிக்கணினி இருந்தால், விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலகுவான வகைக்கு 4 ஜிபி நினைவகமே போதும்.

இதைவிட அவசரமானது உங்கள் தமிழ்க் கோப்புகள். முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் நம் நாட்டில் பிறந்தது என்பதால், பள்ளிகளிலும் ஆலயங்களிலும் இப்படிப்பட்ட கோப்புகள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. இணைமதியில் தட்டச்சு செய்தவை, யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழுக்குப் பயன்பட்ட திஸ்கி குறியேற்றத்தில் இருந்தால், எழுத்துரு இல்லாத கணினியில் அவை புள்ளியும் கோடும் போட்ட ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். எல்லாக் கணினியும் புரிந்துகொள்ளும் இன்றைய பொதுக் குறியேற்றமான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் உண்டு, ஆனால் மாற்றிய பின் ஒருமுறை கண்ணால் படித்துப் பாருங்கள். திஸ்கியில் ‘இ’ என்னும் எழுத்துக்கு ஒதுக்கிய இடம், மேலை எழுத்து வரிசையில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறியின் இடம். அதனால் சில நிரல்கள் அந்த ஓர் எழுத்தை மட்டும் விழுங்கிவிடும். எங்கள் பள்ளிப் பதிவேட்டை மாற்றியபோது ‘இந்திராணி’ என்ற பெயர் ‘ந்திராணி’ ஆனதால்தான் கண்டுபிடித்தோம். ‘இராமசாமி’ அதற்கு முன்பே ‘ராமசாமி’ ஆகியிருந்தார். அதில் யாருக்கும் ஐயம் வரவில்லை.

ஓய்வுபெற்ற கிராணி, சுங்கை சிப்புட்

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை வழக்கம்போல் இடி இடித்தது, செருகியைப் பிடுங்கினேன். இன்று காலை தேதி 2011 ஜனவரி 1 என்று காட்டியது. ஈப்போ தம்பி சொன்ன மின்கலத்தைச் சந்தையருகே கடிகாரக் கடையில் வாங்கிப் போட்டதும் எச்சரிக்கை போய்விட்டது. வங்கிப் பக்கம் மட்டும் இன்னும் திறக்கவில்லை. அதற்கு மகனின் பழைய மடிக்கணினியைக் கேட்டிருக்கிறேன். இணைய வடத்தையும் கழற்றிவிட்டேன். செம்பனைக்கார நண்பர் மன்னிக்க வேண்டும்.

ஆசிரியை அவர்களுக்கு ஒரு கேள்வி: பதிவேட்டை மாற்றுவதற்கு எடுத்துச் செல்ல, அந்தக் கணினியில் பென் டிரைவ் செருகலாமா?

கணினி ஆசிரியை, கோலகங்சார்

செருகலாம் ஐயா, ஆனால் அதற்கென ஒரு பென் டிரைவைத் தனியாக ஒதுக்கி, வெளியே எடுத்துச் சென்ற பிறகு திரும்பச் செருகும் ஒவ்வொரு முறையும் முழுமையாக அழித்துவிட்டுச் செருகுங்கள். கோப்புகளோடு இணைமதி எழுத்துருவையும் படியெடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பதிவேட்டில் ஐயம் வரும்போது மூலத்தைத் திறந்து ஒப்பிட அது வேண்டும். 2011-இன் வன்தட்டு இன்னும் சுழல்கிறது என்றால், இதை இந்த வாரமே செய்துவிடுவது நல்லது.