சட்டைப் பையில் ஒளித்த ரொட்டி

பசியைப் பற்றி ஆளாளுக்கு எழுதி வருவதைப் படித்துவிட்டு என்னாலும் சும்மா இருக்க முடியவில்லை. நான் சொல்ல வருவது பாதி ஒரு புத்தகத்தைப் பற்றி, பாதி என்னைப் பற்றி, இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வரவில்லை, அப்படியே எழுதிவிடுகிறேன்.

ரிச்சர்ட் ரைட் எழுதிய 'பிளாக் பாய்' என்ற தன்வரலாறு. 1945இல் வந்தது. 1908இல் அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த ஒரு கறுப்பினப் பையன் வளர்ந்து ஆளாகிற கதை. திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோட்டு நடைபாதைக் கடையில் அட்டை கிழிந்த பிரதி ஒன்று கிடைத்தது, அன்று ராத்திரியே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

மெம்ஃபிஸ் நகரத்தில் அவன் சின்னப் பையனாக இருக்கும்போதே அப்பா குடும்பத்தை விட்டுவிட்டு வேறொரு பெண்ணோடு போய்விடுகிறார். அதுவரைக்கும் பசி என்றால் விளையாடிக் களைத்து வரும்போது எடுக்கிற பசிதான், ஒரு துண்டு ரொட்டி கிடைத்தால் அடங்கிவிடும். அப்புறம் வந்தது வேறு மாதிரி. நடுராத்திரியில் கண்விழித்தால் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தன்னையே வெறித்துப் பார்க்கிற ஆள் மாதிரி அதை எழுதுகிறார். அம்மா ஒரு கோப்பை டீயை ஊற்றிக் கொடுப்பாள், வயிறு கொஞ்ச நேரம் கத்தாமல் இருக்கும். அப்பா இல்லாததால்தான் சோறில்லை என்று அவனுக்குப் புரிகிறபோது இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. பசித்தால் அப்பா ஞாபகம் வரும், வெறுப்பும் கூடவே வரும். அப்பாவைத் தேடுகிற ஏக்கத்தையும் வயிற்றுப் பசியையும் அந்த வயதில் யாரால் பிரித்துப் பார்க்க முடியும்?

அப்புறம் ஆர்கன்ஸா மாநிலத்தில் சித்தி மேகி வீட்டுக்குப் போகிறார்கள். சித்தப்பா ஹாஸ்கின்ஸ் மதுக்கடை நடத்துகிறார், வசதியான வீடு, மேசை நிறைய சாப்பாடு. பிஸ்கட் தட்டு நிரம்பியிருக்கிறது (நம்ம ஊர் பிஸ்கட் இல்லை, சூடாகச் சாப்பிடுகிற மெத்தென்ற சின்ன ரொட்டி). பையன் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு யாரும் பார்க்காதபோது சிலதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறான். அடுத்த வேளைக்கும் இதே மேசையில் சாப்பாடு இருக்கும் என்று நம்ப முடியவில்லை. துணி துவைக்கும்போது பைகளில் நசுங்கிக் கிடந்ததைக் கண்டு அம்மா திட்டினாளாம்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து நான் விடுதியில் படித்தவன். அங்கே சோறு அளந்துதான் விழும், இரண்டாவது முறை தட்டை நீட்ட முடியாது. காலாண்டு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது அம்மா முறுக்கு சுட்டு வைத்திருந்தாள், வேண்டிய மட்டும் தின்றேன். மூன்றாம் நாள் காலையில் என் தலையணையிலிருந்து சுவர் வரைக்கும் எறும்பு வரிசை போனது. உறைக்குள்ளே நாலு முறுக்கு, நொறுங்கிப் போய், பஞ்சோடு ஒட்டிக்கொண்டு. அம்மா திட்டவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. உறையைக் கழற்றி உதறிவிட்டு, ஒரு சின்ன ஹார்லிக்ஸ் பாட்டிலில் முறுக்கைப் போட்டு மூடி என் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நான் அன்றைக்கு அழுதது ஏன் என்று அந்தப் பக்கத்தைப் படிக்கும்வரை எனக்கே சரியாகத் தெரியாது.

ரைட்டின் கதையில் பையனின் பயம் பலித்துவிடுகிறது. சித்தப்பாவின் தொழில் மேல் கண்வைத்திருந்த வெள்ளையர்கள் அவரைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். சித்தியால் உடலைக்கூடப் பார்க்க முடியவில்லை, சாவுச் சடங்கும் கிடையாது, குடும்பமே இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓடுகிறது.

இன்னொரு பசியும் இருக்கிறது. பாட்டி வீட்டில் குடியிருந்த ஒரு ஆசிரியை அவனுக்கு ஒரு மாயக்கதை சொல்ல ஆரம்பிக்கிறாள், பாட்டி வந்து அது சாத்தானின் வேலை என்று பாதியிலேயே நிறுத்திவிடுகிறாள். அந்தக் கதையின் மிச்சத்தைத் தேடித்தான் அவன் பிறகு அலைந்தான் என்று எனக்குத் தோன்றும். வாலிபனாகி மெம்ஃபிஸில் வேலை பார்க்கும்போது கறுப்பர்களுக்கு அங்கிருந்த நூலகத்தில் புத்தகம் தரமாட்டார்கள். கூட வேலை செய்கிற வெள்ளைக்காரர் ஒருவரின் நூலக அட்டையை வாங்கிக்கொண்டு, இந்தப் பையனிடம் புத்தகம் கொடுத்தனுப்புங்கள் என்று அவர் எழுதியது மாதிரி ஒரு சீட்டும் தானே எழுதுகிறார். நூலகருக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று தன் இனத்தைக் கேவலப்படுத்தும் சொல்லையே அந்தச் சீட்டில் தன் கையால் எழுத வேண்டியிருக்கிறது. அன்றிரவு வாடகை அறையில், ராத்திரிச் சாப்பாட்டுக்கான பீன்ஸ் டப்பா மேல் குழாயின் வெந்நீரை ஓடவிட்டபடியே மென்கன் என்ற அமெரிக்க எழுத்தாளரின் புத்தகத்தைத் திறக்கிறார். எனக்கு இந்தப் புத்தகத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான். வயிற்றுப் பசியை விட அறிவுப் பசி பெரிது என்று இதை வைத்துச் சிலர் சொல்வதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. அவருக்கு இரண்டும் ஒரே ராத்திரியில், ஒரே அறையில் இருந்தன.

படிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள். அவர் முழுக் கையெழுத்துப் பிரதிக்கு வைத்த தலைப்பே 'அமெரிக்கப் பசி' என்றுதான். மாதம் ஒரு புத்தகம் தேர்ந்தெடுத்து உறுப்பினர்களுக்கு அனுப்பும் சங்கம் ஒன்று கேட்டதால் பிறகு அவர் வடக்கே சிகாகோவுக்குப் போய் வாழ்ந்ததைச் சொல்லும் பகுதியை விட்டுவிட்டு 1945இல் வெளியிட்டார்கள். அந்தப் பகுதி தனிப் புத்தகமாக 1977இல் வந்தது, இரண்டும் சேர்ந்து 1991இல்தான் வந்தது. பழைய பதிப்பை மட்டும் படித்தால் வடக்கே ரயிலேறியதோடு பசி தீர்ந்துவிட்டது மாதிரி இருக்கும். நான் வாங்கியதும் அதுதான். பல வருஷம் கழித்து முழுப் பதிப்பைப் படித்தபோதுதான் தெரிந்தது, சிகாகோவில் தபால் துறை வேலை நிரந்தரமாக 125 பவுண்டு எடை வேண்டும், அதாவது ஏறக்குறைய 57 கிலோ, அந்த எடை அவர் உடம்பில் இல்லை.