மறு: ‘போஸ்ட்டாக்’ (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி) பணி அறிவிப்பு – கலைச்சொற்கள்

> “கணிப்புப் பொருளியலில் பின்முனைவர் படிப்பு – உதவித்தொகை அறிவிப்பு” என்று தலைப்புப் போட்டிருக்கிறேன். சரியா பாருங்கள்.

வணக்கம்ங்க அண்ணா.

இதை அப்படியே துறை வாசலில் ஒட்டினால் பொருளாதாரம் படித்த பிள்ளைகள்தான் முதலில் வந்து நிற்பார்கள். பொருளியல் என்ற சொல்லை அவர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இனித் திருப்பிக் கேட்க முடியாது. உலோகம், பீங்கான், பலபடி, குறைகடத்தி எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் ‘மெட்டீரியல்ஸ் சயின்ஸ்’ துறைக்குப் ‘பொருளறிவியல்’ போதும். பொருள் என்றால் அர்த்தம், செல்வம், பண்டம் என்று பல இருந்தாலும், ‘அறிவியல்’ சேர்ந்ததும் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

‘கணிப்பு’ வேண்டாம். ஜாதகம் கணிப்பதும் தேர்தல் நேரத்துக் கருத்துக் கணிப்பும்தான் நினைவுக்கு வரும். அதோடு கணிப்பு என்றால் நடக்கப் போவதைச் சொல்வது. பொருட்களின் குணத்தைக் கணினியில் கணக்குப் போட்டுப் பார்க்கும் இந்தத் துறையில் நடப்பது அது மட்டுமல்ல. சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி (மின்சாரம் கடத்த அதன் எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல்) சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட் என்று அளந்து வைத்தாயிற்று. வழக்கமான தோராய முறையில் கணக்குப் போட்டால் அதில் பாதியளவுதான் வருகிறது. தெரிந்த விடை ஏன் வரவில்லை என்று தேடுவதும் இவர்கள் வேலைதான்.

‘கணினிப் பொருளறிவியல்’ என்று பொள்ளாச்சி நண்பர் சொன்னதிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. கணினிச் சில்லு செய்யும் பொருட்களைப் பற்றிய படிப்பு என்றே புரிந்துகொள்வார்கள். கணினி இங்கே கருவிதான், சரக்கு கணக்கில் இருக்கிறது. இரும்பு அணு ஒன்றில் 26 எலக்ட்ரான். ஒவ்வொன்றுக்கும் இடம் சொல்ல மூன்று எண் வேண்டும். ஆக ஒரே அணுவுக்கு 78 மாறிகள் கொண்ட சமன்பாடு. ஒவ்வொரு மாறிக்கும் பத்தே பத்து மதிப்பு வைத்துப் பார்த்தாலும் 1-க்குப் பின்னால் 78 சுழி வருகிறது. எந்தக் கணினியாலும் ஆகாது. ஹோகன்பெர்க்கும் வால்டர் கோனும் 1964-இல் ஒரு வழி காட்டினார்கள். எலக்ட்ரான்களைத் தனித்தனியாகத் தொடரத் தேவையில்லை, இடத்துக்கு இடம் அவற்றின் அடர்த்தி தெரிந்தால் போதும், தாழ்நிலை ஆற்றல், அதாவது இருக்கக்கூடிய மிகக் குறைந்த ஆற்றல், அதிலிருந்தே தீர்மானமாகிவிடும் என்றார்கள். 78 மாறி மூன்றாகிவிட்டது. அடுத்த ஆண்டே கோனும் ஷாமும் அதைக் கணக்காகப் போடும் முறையைக் கொடுத்தார்கள். கோன் இயற்பியலாளர், 1998-இல் நோபல் கிடைத்தது வேதியியலுக்கு. இவ்வளவும் கணக்கின் பெருமை. அதனால் ‘கணக்கீட்டுப் பொருளறிவியல்’ என்பேன். ‘கணிமை’யும் (கம்ப்யூட்டிங்) நல்ல சொல்தான், ஆனால் கோவையில் அதைப் படிப்பவர் சரவணம்பட்டி ஐ.டி. வேலை என்று எண்ணிக்கொள்வார்.

இனி எனக்கு உண்மையிலேயே மனத்தாங்கல் உள்ள இடம்: ‘பின்முனைவர் படிப்பு’, ‘உதவித்தொகை’.

இது படிப்பு இல்லைங்க. வேலை. பட்டம் வாங்கி முடித்த ஆள், குறிப்பிட்ட காலத்துக்கு, சம்பளத்துக்குச் செய்யும் ஆராய்ச்சி வேலை. எங்கள் கோபிப் பக்கம் இப்படிப் பட்டம் முடித்த பெண்ணின் அப்பாவிடம் “அம்மிணி என்ன பண்ணுதுங்க?” என்று கேட்டுப் பாருங்கள். “இன்னும் படிச்சுட்டுத்தானுங்க இருக்குது” என்பார், கொஞ்சம் சங்கடத்தோடு. அவர் மேல் தப்பில்லை. நாம் கொடுத்த சொல் அப்படி. ‘பின்’ என்றாலே ஏதோ மிச்சம் மீதி போல இருக்கிறது. தமிழ்த்துறைகளில் ‘முனைவர் பட்ட மேலாய்வு’ ஏற்கெனவே புழங்குகிறது. அதையே சுருக்கி ‘மேலாய்வாளர்’ என்போம். அறிவிப்பில் ‘பணியிடம்’ என்பதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

உதவித்தொகை அதைவிட மோசம். முதியோருக்கு அரசு தருவதும் அதுதான், பள்ளிப் பிள்ளைக்குத் தருவதும் அதுதான். மத்திய அரசுத் திட்டங்களில் ஆராய்ச்சி இணையருக்கு (ரிசர்ச் அசோசியேட்) 2023 விகிதப்படி மாதம் 58,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது, வாடகைப்படி தனி. அதைப் போய் உதவி என்பதா? ‘ஊதியம்’ என்று போடுங்கள். படியெல்லாம் சேர்த்து ஒரே தொகை என்றால் ‘தொகுப்பூதியம்’. வாத்தியார் வேலைக்குக் காத்திருந்த எல்லோருக்கும் அந்தச் சொல் அத்துபடி.

அன்புடன்,
பெருந்துறையிலிருந்து

*

> கணினி இங்கே கருவிதான், சரக்கு கணக்கில் இருக்கிறது.

சொல் உங்கள் வாயிலேயே வந்துவிட்டதே! பொருளை விட்டுவிட்டுச் ‘சரக்கறிவியல்’ என்றால் என்ன? சித்த மருத்துவத்தில் ரசம், கந்தகம், பாஷாணம் எல்லாமே சரக்குதான். கஞ்சமலை இரும்பும் சாக் ஹில்ஸ் மேக்னசைட்டும் இருக்கும் ஊர்க்காரன் சொல்கிறேன், கொஞ்சம் யோசியுங்கள்.

– சேலத்திலிருந்து

*

சேலத்து அண்ணாவுக்கு: சொல் பழையது, பொருத்தமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘சரக்கு ஆய்வாளர் தேவை’ என்று ஒட்டினால் வரிசை டாஸ்மாக்கைத் தாண்டி நிற்கும். அடுத்த தலைமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

அறிவிப்பின் தகுதிப் பகுதியில் ஒன்று மீதி இருக்கிறது. கோன் முறையின் பெயரான ‘டென்சிட்டி ஃபங்ஷனல் தியரி’யில் (டி.எஃப்.டி.) வரும் ‘ஃபங்ஷனல்’. கணிதப் பாடநூலில் ஃபங்ஷன் என்றால் சார்பு. எண்ணைக் கொடுத்தால் எண்ணைத் தரும். ஃபங்ஷனலுக்கு ஒரு முழுச் சார்பையே கொடுக்க வேண்டும், இங்கே அடர்த்தி என்கிற சார்பை. அது திருப்பித் தருவது ஒற்றை எண், ஆற்றல். வரைவில் உள்ள ‘அடர்த்திச் சார்புக் கோட்பாடு’ இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது. ‘சார்பியல்’ என்றால் ஐன்ஸ்டைன் வந்துவிடுவார். ‘சார்பியம்’ என்று வைத்து, ‘அடர்த்திச் சார்பியக் கோட்பாடு’ என ஒருமுறை எழுதிவிட்டு, அப்புறம் டி.எஃப்.டி. என்றே போகலாம். விண்ணப்பிப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். மென்பொருள் பெயர்களை – குவாண்டம் எஸ்பிரசோ, வாஸ்ப் – தொடவே வேண்டாம்.

தலைப்பு இப்போது இப்படி:

கணக்கீட்டுப் பொருளறிவியல் – மேலாய்வாளர் பணியிடம் (இரண்டாண்டு ஒப்பந்தம், மாத ஊதியம்)

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறதாம். ‘சார்பியம்’ பிடிக்காதவர்கள் அதற்குள் வேறு சொல்லோடு வாருங்கள். வெறுமனே பிடிக்கவில்லை என்று மட்டும் எழுதினால் கணக்கில் வராது.

– பெருந்துறையிலிருந்து